இரண்டாவது பலூன்

இரண்டு வாரமாக நான் மைக்கைத் தொடவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? எங்கள் ஊரில் என்னைத் தெரிந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஏன், அவனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள். கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில் காதுகுத்து, கல்யாணம், சர்ச் ஆண்டுவிழா, யாராவது ரிட்டயர் ஆனால் மாலை போடுகிற கூட்டம்... எதுவானாலும் மைக் எப்படியோ என் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்வேன்.

இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற அனுபவங்களில் பெரும்பாலும் கடைசியில் நான் நல்லவனாக இருப்பேன், கவனித்திருப்பீர்கள். இந்த வாரம் அப்படி இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். எங்கள் பெட்டியில் பிரதீப் என்று ஒரு தம்பி வருவான். முப்பத்தைந்து வயது. பேச்சு குறைவு, அதனாலேயே என்னோடு ஒத்துப்போகிறவன். அன்றைக்கு அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, வர்ற சண்டே எங்க பாப்பா ஷைனிக்கு ஏழாவது பர்த்டே. ராபர்ட்சன்பேட்டையில ஹால் சொல்லிகீறேன். கேம்ஸ் நீங்கதான் நடத்தணும்."

"இன்னா கேம்ஸ்?"

"பலூன் வச்சு இன்னாவது. பசங்களுக்கு அதான் புடிக்கும்."

எனக்குச் சொல்லவா வேண்டும்? எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய், டீம் பில்டிங் என்ற பெயரில், ஐம்பது வயது அக்கவுன்டன்ட்டுகளின் முழங்கால் இடுக்கில் பலூனை வைத்து ஓடவிடுவார்கள். மற்றவர்கள் மானம் போகிறதே என்று முனகுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்தையும் போனில் குறித்துக்கொள்வேன். என்றைக்காவது உதவும் என்று.

உதவியது.

ஹாலுக்குள் நுழைந்ததும் முதல் வரிசையில் பிரதீப்பின் அப்பா, சாமுவேல் மாமா. எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. என் அப்பாவும் அவரும் ஒரே ஷிஃப்ட். ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கி, டிரில் பிடித்துப் பாறையைத் துளைத்தவர்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்பே என் அப்பா போய்விட்டார்.

"இன்னா மாமா, வீட்ல சும்மாவா கீறீங்க?" என்றேன்.

"சும்மாவா? எனக்கு ட்யூட்டி கீதுப்பா" என்றார். பக்கத்தில் நின்ற பேத்தியின் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலைல ஸ்கூலுக்கு இட்டுனு போணும். சாயங்காலம் இட்டுனு வரணும். ஒரு நாள் லீவு போட்டதில்ல."

மருமகள் மெர்சி சிரித்தாள். "பதினஞ்சு நிமிஷ வழிண்ணா. இவங்க ரெண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம் ஆவுது. அப்படி இன்னாதான் கதை பேசுவாங்களோ."

தாத்தாவும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேக் வந்தது. ஏழு மெழுகுவத்தி. எல்லோரும் பாடி முடித்ததும் ஷைனி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பேப்பர் தட்டை எடுத்தாள். தாத்தா ஒரு பக்கம் பிடிக்க, இவள் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக விசிறியே மெழுகுவத்திகளை அணைத்தார்கள்.

நான் மைக்கில் சொன்னேன்: "ஏழு வயசாச்சு, பர்த்டே பேபிக்கு இன்னும் ஊதத் தெரியல போலகீதே."

ஹால் சிரித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் அந்த விசிறலை நான் முதல் முறையாகப் பார்க்கவில்லை. மைசூர் மைன்ஸ் பகுதியில், நான் வளர்ந்த தொழிலாளர் லைன் வீடுகளில், சுரங்கத்துக்குள் போகிற ஆளை எதையும் ஊதச் சொல்ல மாட்டார்கள். அடுப்பை ஊத மாட்டார். சர்க்கஸில் வாங்கிய விசிலை ஊதிக் காட்ட மாட்டார். பலூன் கிடைத்தால் நாங்கள் நேராக அம்மாவிடம்தான் ஓடுவோம். அப்பாவிடம் நீட்டியதே இல்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நெஞ்சில் பாறைத் தூசி படிந்த மனுஷனிடம் மூச்சைக் கடன் கேட்கக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. என் பிறந்தநாளுக்கும் மெழுகுவத்தியை விசிறித்தான் அணைத்தோம். என் அப்பாவும் நானும்.

அதாவது, நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

விளையாட்டு ஆரம்பித்தது. கணுக்காலில் பலூனைக் கட்டிக்கொண்டு அடுத்தவன் பலூனை மிதித்து உடைக்கிற ஆட்டம் – முதல் நிமிஷம் பலூனை மிதிப்பார்கள், அப்புறம் காலை. நாற்காலியில் பலூனை வைத்து உட்கார்ந்து உடைக்கிற ஆட்டம் – இதில் ஒல்லிப் பிள்ளைகளுக்கு அநியாயம் நடக்கும், எவ்வளவு குதித்தாலும் உடையாது. பலூன் தரையில் படாமல் தலையாலேயே தட்டுகிற ஆட்டம். நாற்பது பிள்ளைகள். ஹால் அதிர்ந்தது. நானும் அதிர்ந்துகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கைதட்டல் கொஞ்சம் குறைந்தாலும் தாங்காது.

"அடுத்து பெரியவங்க ரவுண்ட்!" என்றேன். "மூணே மூச்சு. யார் பலூன் பெருசா வருதோ அவங்களுக்கு ப்ரைஸ்."

நாலு அப்பாக்கள் எழுந்து வந்தார்கள். அதில் பிரதீப்பும் ஒருவன். எனக்குப் போதவில்லை. முதல் வரிசையைப் பார்த்தேன்.

"சாமுவேல் மாமா, வாங்க."

"நான் வேணாம்பா" என்று கையை ஆட்டினார்.

"டிரில்லு புடிச்ச கை, பலூனப் பாத்து பயப்படலாமா?"

கைதட்டல். மெர்சியின் அப்பா அம்மா பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். சாமுவேல் மாமா ஒரு தடவை சம்பந்திகளைப் பார்த்தார். ஒரு தடவை பேத்தியைப் பார்த்தார். எழுந்து வந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று.

மற்ற நாலு பேரின் பலூன்களும் பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டன. மாமாவுடையது எலுமிச்சம்பழம். அதையும் நான் விடவில்லை. "மாமா ஊறுகாய்க்கு ரெடி பண்றாரு" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர் பலூனை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

அப்போதுதான் ஷைனி ஓடி வந்தாள். "பேட தாத்தா, பேட" என்றாள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதான். பதறினால் பள்ளிக்கூடத்துக் கன்னடம் வந்துவிடும் போலிருக்கிறது. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் வாயிலிருந்த பலூனைப் பிடுங்கித் தன் ஃப்ராக் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நான் மைக்கில் சொன்னது இது: "ஃபவுல்! பர்த்டே பேபி ஃபவுல் ஆட்டம். மாமாவுக்கு இன்னொரு சான்ஸ்."

சொல்லிவிட்டு என் பாக்கெட்டிலிருந்து இரண்டாவது பலூனை எடுத்து நீட்டினேன். சிவப்பு பலூன். அவர் வாங்கி வாயில் வைத்தார்.

அந்த மூச்சு உள்ளேயே போகவில்லை. இருமல் வந்தது. நிற்காத இருமல். ஒரு கையால் மேஜையைப் பிடித்தார், இன்னொரு கையால் நெஞ்சை. நான் அவரைத் தாங்கப் பக்கத்தில் போனேன். கையில் மைக் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. ஹாலின் நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கரில் அவர் மூச்சு கேட்டது. ஒவ்வொரு இழுப்பும். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எட்டு வருஷம் கேட்ட சத்தம் அது.

யாரோ ஓடிப்போய் மைக்கை ஆஃப் செய்தார்கள். நான் இல்லை.

மறுநாளே பிரதீப் லீவு போட்டு அவரைக் கோலாருக்கு அழைத்துப்போனான். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். எத்தனை நாளாக இப்படி மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டபோது, மாமா வேறு வழியில்லாமல் சொன்னாராம்: ரெண்டு வருஷமா. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பேத்தியை ஸ்கூலுக்கு அழைத்துப்போக விட மாட்டார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் மறைத்ததை நான் இரண்டு நிமிஷத்தில் ஸ்பீக்கர் வைத்து ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை ரயிலில் பிரதீப் வந்தான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேங்க்ஸ்ணா" என்றான். "அன்னிக்கு நீங்க கூப்பிடலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. கர்த்தர்தான் உங்க மூலமா காட்டிட்டாருன்னு மெர்சி சொல்றா. மருந்து ஸ்டார்ட் பண்ணிட்டோம். ஷைனிக்கு ஆட்டோ பேசியாச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லப்பா" என்றேன்.

என்ன பரவாயில்லை? பெட்டியில் இருந்த நாலைந்து பேர் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டு பங்காருபேட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. செய்தது தப்பு, அது நல்லதில் போய் முடிந்தால் மட்டும் எனக்கு அதில் பங்கு எப்படி வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷைனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்ததும் போய்விட்டாள்.

"வாப்பா. இன்னா, ஆரஞ்செல்லாம் எடுத்துனு ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரி வந்துகீற?"

"மாமா, அன்னிக்கு நான் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"உடு. நீ கூப்புட்ட, நான் வந்தேன்."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல."

ஆரஞ்சுப் பையை வாங்கித் தரையில் வைத்தார். அப்புறம் கேட்டார்: "அந்தச் சேர்ல உங்கப்பன் குந்தினு இருந்திருந்தா கூப்பிட்டிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார்.

"மாட்டேன் மாமா."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

மெர்சி காபி கொண்டுவந்தாள். என்னால் முடிந்தது இதுதான் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "மெதுவா நடந்தா தப்பில்லையேம்மா. வாரத்துல ரெண்டு நாளாவது அவரு இட்டுனு போகட்டுமே."

"வழியில இவரு விழுந்துட்டா, அந்தக் கொழந்த இன்னா பண்ணும்ணா?" என்றாள்.

அவள் சொல்வதில் தப்பு இல்லை. மாமா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்சி உள்ளே போன பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அவ இருக்கறப்போ எனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. ஸ்கூலு வழியில மூணு எடம். தண்ணி டேங்க்கு, அப்பால பேக்கரி, அப்பால அந்த ஏத்தம். கரெக்டா அங்க வந்தா அவளுக்கு ஷூ லேஸ் அவுந்துடும். இரு தாத்தான்னு குந்திக்குவா. கட்டுவா, கட்டுவா, கட்டினே இருப்பா. அதுக்குள்ள எனக்கு மூச்சு வந்துடும். எழுந்துக்குவா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. அவளும் ஒண்ணும் கேக்கறதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

விடைபெற்றுக்கொண்டு, செருப்பு மாட்டக் குனிந்தேன். பக்கத்தில் மறுநாளுக்குத் துடைத்து வைத்த ஷைனியின் ஸ்கூல் ஷூ இருந்தது. கறுப்பு ஷூ. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்தது.

அதில் லேஸே கிடையாது.