பிரிக்கக் கூடாத கவர்

போன வாரம் எங்கள் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். ஒரு கையில் அழுக்குத் துணி மூட்டை. இன்னொரு கையில்... வேறென்ன, பிளாங்கெட்!

அவர் லாரி டிரைவர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு சங்ககிரியிலிருந்து வடக்கே போவார். பானிபட் பக்கம் போனால், ரோஜாப்பூ போட்ட கனத்த பிளாங்கெட் ஒன்று இல்லாமல் திரும்ப மாட்டார். இது எட்டாவது.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதை யார் போர்த்துவது? மார்கழியிலேயே ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்குகிற குடும்பம் நாங்கள். மெல்லிசான பருத்திப் போர்வையே காலடியில்தான் கிடக்கும். ஆனாலும் நல்ல சாமான் இல்லையா? ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரோடு பரணில் அடுக்கி வைத்திருக்கிறேன். யாராவது தொட்டால் போதும் – "ஒரம்பரை வந்தா குடுக்கறதுக்கு. கவரைப் பிரிக்காதீங்க!"

விருந்தாளிகளும் வரத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் வேர்க்கிறது.

வருடம் ஒரு முறை அத்தனையையும் கவரோடு மொட்டை மாடிக்குத் தூக்கி, வெயில் காட்டி, திரும்பப் பரணில் ஏற்ற வேண்டும். என் முழங்காலுக்கு அந்தத் தெம்பெல்லாம் போய்விட்டது. எட்டாவதையும் அலுத்துக்கொண்டே பரணில் ஏற்றினேன்.

அவருக்கோ இருமல். கார்த்திகையில் பிடித்தது, இன்னும் விடவில்லை. "குளிர் படாம இருங்க" என்கிறார் டாக்டர். வடக்கே லாரியில் போகிறவர் எங்கே போய்க் குளிர் படாமல் இருப்பது?

மறுநாள் லாரி கேபினைக் கூட்டப் போனேன். சீட்டுக்குப் பின்னால், அவர் படுக்கிற பலகையில், என் பழைய பச்சைச் சேலை. இரண்டாக மடித்து ஓரம் தைத்திருந்தார். கோணல்மாணலான தையல்.

"ஏனுங்க, அந்தக் குளுருல இதையா போத்திக்கறீங்க?"

"ஆமா."

"ஊட்டுல எட்டு கெடக்குது. ஒன்னை எடுத்துட்டுப் போனா ஆகாதுங்களா?"

"நீதான கவரைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்ன?"

"அப்புறம் எதுக்குங்க வாங்கி வாங்கிட்டு வாரீங்க?"

கொஞ்ச நேரம் இருமினார். "அங்க நடுங்கறப்ப கடையில இதைப் பாத்தா, ஊட்டுக்கு ஒன்னு வாங்கோணும்னு தோணுது புள்ள."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வராத குளிருக்கும் வேர்க்கிற விருந்தாளிக்கும் எட்டு பிளாங்கெட்டைக் காவல் காத்தவள், நடுங்குகிற மனிதருக்குப் பழஞ்சேலையை விட்டுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை கிளம்பும்போது எட்டாவதை நானே கேபினில் ஏற்றிவிட்டேன். நேற்று நாக்பூர் தாண்டி போன் செய்தார். பேச்சுக்கு நடுவே அதே இருமல்.

"பிளாங்கெட்டு கதகதப்பா இருக்குதுங்களா?"

"மேல பத்திரமா வெச்சிருக்கேன் புள்ள. கவரோட. கிரீஸ் ஏதாச்சும் பட்டா பாழாப் போயிருமில்ல?"

இத்தனை வருடம் நான் நடத்திய பாடம்தானே!

போனிலேயே கத்தி, கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்கும்வரை லைனில் இருந்தேன். அதோடு விடவில்லை. பரணில் ஏறி, மிச்சம் ஏழு கவரையும் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இனி இந்த வீட்டில் எதில் போட்டு எதைப் பத்திரப்படுத்துவார்... பார்த்துவிடுகிறேன்!