மலேசியா பிராசசரும் என் சந்தேகமும்

எதையும் லேசில் நம்பாத குணம் எனக்கு அப்பா வழியில் வந்தது. ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியின் கடையில் அவருக்கு ஜரிகை பார்க்கிற வேலை. வந்து இறங்கும் ஜரிகைக் கட்டிலிருந்து ஒரு இழையை இழுத்து நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் கட்டு அப்படியே திரும்பிப் போகும். வீட்டுக்கு வந்த நெய், மிளகாய்த்தூள், மாப்பிள்ளை எல்லாவற்றையும் அவர் ஒரே கண்ணோடுதான் பார்த்தார். என் கணவரைப் பற்றி மூன்று தடவை ஆள் விட்டு விசாரித்த பிறகுதான் தாம்பூலமே மாற்றினார்.

நான் வாழப்போனது சேவூரில். கணவர் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். காலையில் போனால் இருட்டுகிற நேரத்தில் தவிட்டுத் தூசியோடு வருவார். மாமியாருக்கு என்னைப் பிடிக்கும், ஆனால் நான் வேலை செய்வது பிடிக்காது. நான் கல்யாணத்துக்கு முன்பே கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சேலை டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த டிசைனைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறியில் மாட்டுவார்கள். அந்த வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவன் என் கொழுந்தன். என்னைவிட மூன்று வயது சின்னவன். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். இனிமேல் டிசைனெல்லாம் கம்ப்யூட்டரில்தான், அண்ணி வீட்டிலேயே உட்கார்ந்து செய்யட்டும் என்று ஒரு மாசம் அத்தையிடம் மல்லுக்கட்டி, முன்னறையில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட வைத்தான். அந்த வீட்டில் எனக்காகப் பேச இருந்த ஒரே ஆள் அவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைப் படிக்கும்போது யாரிடம் செய்தேன் என்பது தெரிய வேண்டும்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். என் கம்ப்யூட்டருக்கு முந்தானை டிசைன் என்றாலே மூச்சு வாங்கும். ஒரு மாங்காய் உருவத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்த்திவிட்டு, எழுந்து போய் டீ போட்டுக் குடித்து வந்தால்தான் அது போய்ச் சேர்ந்திருக்கும். நாள் கணக்கில் காத்திருக்க முடியாத வியாபாரிகள் காஞ்சிபுரத்துக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் கொழுந்தன் பிரவுசிங் சென்டரிலிருந்து பத்துப் பதினைந்து பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற பிராசசரில், 366 என்று வேகம் போட்டு விற்கிற மலிவானது ஒன்று இருக்கிறதாம். அதை மாட்டுகிற போர்டில் அறுபத்தாறு என்று இருக்கும் ஒரு செட்டிங்கை நூறு என்று மாற்றினால் அதே பிராசசர் 550 வேகத்தில் ஓடுமாம். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பேராம். விலை உயர்ந்த பிராசசர் வாங்கவே வேண்டாம் என்றான்.

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. எங்கள் ஊரில் மட்டமான ஜரிகையை ஒசத்தி என்று சொல்லி விற்கிறவனைப் பார்த்திருக்கிறேன். ஒசத்திச் சரக்கை மட்டம் என்று எழுதிக் குறைந்த விலைக்கு விற்கிற பைத்தியக்காரனைப் பார்த்ததில்லை. 550இல் ஓடுமென்றால் கம்பெனிக்காரன் ஏன் 366 என்று போடுகிறான்? எல்லாமே அப்படி ஓடாது அண்ணி, சிலது ஓடும், சிலது நின்றுவிடும், பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றான். எப்படிப் பார்ப்பது என்றேன். எந்த நாட்டில் செய்தது, எந்த வாரத்தில் செய்தது என்று அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும், மலேசியாவில் செய்தது நன்றாக ஓடுகிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள் என்றான். யார் அந்த நிறையப் பேர் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அதே பிரிண்டில் இன்னொரு பக்கத்தில், சில கடைகளில் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு வேறு எழுத்து அச்சடித்துத் தருகிறார்கள், ஜாக்கிரதை என்றும் இருந்தது. எனக்கு நம்புகிற மாதிரி இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் சென்னைக்குப் போய் இரண்டு பிராசசர், இரண்டு போர்டு, பிராசசர் சூடாகாமல் இருக்க அதன் மேல் மாட்டுகிற பெரிய ஃபேன் இரண்டு வாங்கி வந்தான். ஒன்று எனக்கு, இன்னொன்று மாடியறையில் இருந்த அவனுடைய கம்ப்யூட்டருக்கு. ஒன்றில் மலேசியா என்றும் மற்றதில் கோஸ்டாரிகா என்றும் அச்சிட்டிருந்தது. மலேசியாவை நீங்க வச்சிக்குங்க அண்ணி என்று கொடுத்தான். மாட்டுவதற்கு முன்னால் அதிலிருந்த எழுத்து, நம்பர் எல்லாவற்றையும் என் கிராஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். அவன் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவனுடைய கோஸ்டாரிகாவின் நம்பரையும் சேர்த்து எழுதினேன்.

முதல் மூன்று நாள் என் கம்ப்யூட்டர் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. 550இல்தான் ஓடியது, ஆனால் நடுநடுவே அப்படியே உறைந்துவிடும். பாதி முந்தானை காணாமல் போகும். நாலாம் நாள் காலையிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. மாங்காய் சொன்ன இடத்துக்கு உடனே போனது. என்ன பண்ணினாய் என்று கேட்டேன். ஒரு செட்டிங் மாத்தினேன் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்தப் பார்க்காத முகம் எனக்குப் போதுமானதாக இருந்தது. வேலை நன்றாக நடக்க நடக்கச் சந்தேகமும் வளர்ந்தது. தானாகச் சரியாகிவிட்ட எதையும் நான் நம்பியதில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். அவன் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போளூர் போன அன்றைக்கு மூடியைத் திறந்து, அவன் செய்வதைப் பார்த்திருந்த மாதிரியே ஃபேனைக் கழற்றி, பிராசசரை வெளியே எடுத்தேன். கோஸ்டாரிகா. நோட்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். என்னுடையது இல்லை. எனக்கென்று கொடுத்த மலேசியாவை எடுத்துக்கொண்டு, அவனுடையதை என் தலையில் கட்டியிருக்கிறான்.

அதோடு விட்டேனா? இதுவாவது அசலா என்று பார்க்கத் தோன்றியது. நகத்தால் சுரண்டினேன், ஒன்றும் ஆகவில்லை. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். நாடு, வாரம், நம்பர் எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. ஆக, இதுவும் போலி. என் புத்தி மேலே மேலே கணக்குப் போட்டது. கடைக்காரனும் இவனும் கூட்டாக இருக்கலாம். ஒரு மாசம் அத்தையிடம் எனக்காகப் பேசியதுகூட என் பேரைச் சொல்லி வீட்டுக்குள் கம்ப்யூட்டர் கொண்டுவரத்தானோ என்னவோ. அந்தப் பிராசசரையும் பஞ்சையும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனியாகக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவான் என்று, கணவர் வரும்வரை காத்திருந்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தேன். கூடவே இருந்து என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று ஆரம்பித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அத்தை நான் சொன்னதை நம்பினார். பெற்ற பிள்ளையைப் பார்த்து, "எதுக்குடா இந்தப் புத்தி உனக்கு?" என்றார். கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, அண்ணியுடையதை எடுத்துக் கொடுத்துவிடு, இதோடு இந்தப் பேச்சை விடு என்றார். இரண்டு பேரும் ஒரு கேள்விகூட என்னைக் கேட்கவில்லை. என் சந்தேகம் அந்த வீட்டில் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகும் என்று எனக்கே தெரியாது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அவன் கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனான். தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்து ஆன் செய்தான். திரையில் 366 என்று வந்தது. அணைத்து, செட்டிங்கை நூறுக்கு மாற்றி மறுபடி போட்டான். 550 என்று வந்தது, பாதி ஏறியதும் உறைந்து நின்றது. இன்னொரு தடவை செய்தான், மறுபடியும் நின்றது. பிறகு ஃபேனைக் கழற்றி உள்ளே இருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தான். மலேசியா. என் நோட்டிலிருந்த அதே நம்பர்.

எனக்கென்று கொடுத்தது மூன்று நாள் உறைந்து உறைந்து நின்றதைப் பார்த்திருக்கிறான். அவனுடையது 550இல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. அதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, ஓடாததை எடுத்துப்போய் 366லேயே வைத்துக்கொண்டான். நடந்தது இவ்வளவுதான். டப்பாவிலிருந்த பஞ்சைக் கேட்டு வாங்கி, திரவத்தில் நனைத்து, என் கையிலிருந்த மலேசியாவின் மேல் தேய்த்துக் காட்டினான். அந்த எழுத்தும் பஞ்சோடு வந்தது. "எல்லாமே வெறும் அச்சுதான் அண்ணி. எதைத் தேய்ச்சாலும் போவும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அத்தை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். கணவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் இன்னும் அதட்டலாகவே இருந்தது.

"சொல்லிட்டு மாத்தி இருந்தா, சரின்னு வாங்கிகினு இருப்பீங்களா?" என்றான்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டேன். நல்லா ஓடுறத ஏன் எனக்குக் குடுக்கறன்னு கேட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிமிஷத்திலும் எனக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நல்லதை ஏன் கொடுத்தான்? எதை எதிர்பார்த்து? அவன் என்னிடம் எதிர்பார்த்த ஒரு விஷயத்தையாவது யோசித்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒன்னும் இல்ல அண்ணி என்றான். டப்பாவில் இருந்த பிராசசரை என் கம்ப்யூட்டரில் திரும்ப மாட்டிக் கொடுத்தான். அது பல வருஷம் 550இல் ஓடியது. காஞ்சிபுரம் போன வியாபாரிகளில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

சண்டை, பிரிவினை ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஒரே மேசையில் வேலை செய்தோம். அவனிடம் ஒரு மாற்றம் மட்டும் வந்தது. ஒரு ஒயர் வாங்கினாலும் கவர் பிரிக்காமல் என் முன்னால் கொண்டுவந்து வைப்பான். நம்பரைப் படித்துக் காட்டுவான், எழுதிக்கிட்டீங்களா அண்ணி என்பான். நான் தலையாட்டிய பிறகுதான் மாட்டுவான். ஒரு ஸ்க்ரூவைக்கூட எனக்குத் தெரியாமல் திருகியதில்லை. முதலில் வேண்டாம் வேண்டாம் என்றேன், பிறகு அவன் கேட்டால் மட்டும் பார்த்தேன், கடைசியில் பழகிப்போனது. அந்த நாலு வருஷத்தில் நான் சந்தேகப்பட அவன் ஒரு காரணம்கூட வைக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் எனக்கு ஒரு நல்லது செய்வதையும் அவன் நிறுத்திவிட்டிருந்தான்.