டேப் ஒட்டிய ஜன்னல்

எங்கள் குவார்ட்டர்ஸில் ஜன்னல்களைத் திறந்து இரண்டு கோடை ஆகியிருந்தது. இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே ஈரத்துணி தொங்கவிட்டு, உள்ளே நானும் என் நான்கு வயது மகளும் வெந்துகொண்டிருந்தோம். அவளுக்கு எந்நேரமும் மூக்கடைப்பு. வாயைத் திறந்துதான் மூச்சு விடுவாள். மத்தியானம் தூங்கினால் குறட்டை பக்கத்து வீடு வரை கேட்கும்.

நெய்வேலியில் யார் தும்மினாலும் பழி அனல்மின் நிலையச் சாம்பல் மேல்தான். "டஸ்ட்டுதான், வேற என்ன?" என்றார் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்க்கும் என் கணவர். பக்கத்து வீட்டு வடலூர் அக்கா, "ஜன்னல தொறந்துகினு ஒக்காந்தா புள்ளைக்கு எப்படிம்மா சளி போவும்? மூடிகினே இரு" என்றார். நானும் மூடிக்கொண்டே இருந்தேன். சிரப்பும் சொட்டு மருந்தும் மாறின, மூக்கு மாறவில்லை. அவளை வாசலில் விளையாடக்கூட விடவில்லை. துணியை விலக்கி, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தெருப்பிள்ளைகளைப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

ஒரு மத்தியானம் தூக்கத்தில் அவளுக்குக் குறட்டை சட்டென்று நின்றது. மூச்சும் நின்றிருந்தது. அள்ளியெடுத்து உலுக்கினேன். ஹக்கென்று இழுத்துக்கொண்டு அழுதாள். மறுநாளே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய்க் கேமராவை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி.

"கேன்சருங்களா டாக்டர்?"

"கொழுப்புக் கட்டி மாதிரிதான்மா தெரியுது. கெட்ட கட்டி இல்ல. ஆனா வழிய அடைக்குது, எடுத்தே ஆகணும். இந்த எடத்துல இது வர்றது ரொம்ப அபூர்வம்."

"அப்போ டஸ்ட்டு?"

"டஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அபூர்வமாம்! ஒரு நல்லது எங்களைத் தேடி வந்ததில்லை, இது மட்டும் விலாசம் விசாரித்து வந்திருக்கிறது.

வாய் வழியாகவே கட்டியை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. லேப் சோதனையிலும் வெறும் கொழுப்புதான் என்று வந்த பிறகே எனக்குச் சோறு இறங்கியது.

வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள். ஓடியவள் நின்றாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம வீடு நாறுது."

ஈரத்துணி வாடை, அடைந்து கிடந்த காற்று. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் டேப்பைப் பிய்த்தேன், நகம் ஒடிந்தது. ஜன்னல் இறுகிப்போய் அசையவே இல்லை. அவர் வந்து கையால் ஓங்கி ஒரு குத்து விட்டதும் படாரென்று திறந்தது.

அதே சாம்பல் காற்றுதான், வேறென்ன வரும்? கம்பியைப் பிடித்து நின்று, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அதை மூக்கால் இழுத்து இழுத்து விட்டாள் என் மகள். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.