மார்ச் இருபத்தேழுக்கு முன்னாடி

வஸீலாவைப் பத்தி நல்லதாச் சொல்ல மான்ட்ரியல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்ககிட்டப் போய்க் கேட்டுக்கோங்க. நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எனக்கு அவமேல பொறாமை. அஞ்சு வருஷமா, ஒரு நாள் லீவு விடாம.

ரெண்டு பேரும் அல்ஜீரியாவுல ஓரான் ஊர்க்காரிங்க. அங்க அவ வேதியியல் பட்டம் வாங்கினவ. இங்க அந்தப் பட்டத்தை யாரும் சீந்தல, ஆபீஸ் ஆபீஸாப் பெருக்கித் துடைச்சா. முப்பத்து மூணு வயசுல, "நவால், நாம டீச்சராகலாம்டி"ன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போய்ப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தா. பரீட்சை சமயத்துல எங்க வீட்டு அடுப்பில குஸ்குஸ் வெந்துக்கிட்டிருக்கும், அவ பக்கத்துல நின்னு பிரெஞ்சு இலக்கணம் ஒப்பிப்பா. நான் தப்பா எழுதினதையெல்லாம் திருத்துவா, திருத்திட்டு என் காதையும் திருகுவா. அதுவரைக்கும் பொறாமை கிடையாது. நல்லாத்தான் இருந்தோம்.

ரெண்டாயிரத்துப் பத்தொன்பது ஜனவரி. சான் மிஷேல் பக்கத்துல ஒரு தொடக்கப் பள்ளியில மூணாம் வகுப்புக்கு ஆள் வேணும்னு முதல்ல கூப்பிட்டது என்னைத்தான். எனக்கு அப்போ ஏழு மாசம். படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க டாக்டர். என் வாயாலயே சொன்னேன், "வஸீலா, நீ போ. நான் பிள்ளை பெத்து எழுந்து வேற இடம் பாத்துக்கறேன்." போனா.

வசந்தம் வந்ததும் சட்டப் பேச்சு ஆரம்பிச்சது, ஜூன்ல சட்டமாவே ஆயிட்டுது. அரசுப் பள்ளி டீச்சருங்க மத அடையாளம் எதுவும் போடக் கூடாது. சிலுவை, டர்பன், யூதர் தொப்பி, எங்க ஹிஜாப், எதுவுமே. டிவியில, பஸ்ல, மளிகைக் கடை வரிசையில, எங்க பார்த்தாலும் எங்க தலையைப் பத்தியே பேச்சு. "பாவம், புருஷன் கட்டாயப்படுத்தறான்"னு சில பேர் உருகினாங்க. என் புருஷனுக்குத் தன் சாக்ஸ் எங்கே இருக்குன்னே தெரியாது, அவராவது என்னைக் கட்டாயப்படுத்தறதாவது. இன்னும் சில பேர் எங்களுக்காகத் தெருவுல நின்னு கத்தினாங்க. எங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு யாரும் ஒண்ணும் கேக்கல. இத்தனைக்கும் குளிர்காலம் வந்தா ஊர் மொத்தமும் கண்ணு மட்டும் தெரியத்தான் மூடிக்கிட்டுப் போகுது.

அந்தச் சட்டத்துல ஒரு சந்து இருந்தது. மார்ச் இருபத்தேழாம் தேதி வேலையில இருந்தவங்க, அதே வேலையில இருக்கிற வரைக்கும் போட்டுக்கலாம். என் பொண்ணு பிறந்தது மார்ச் இருபத்தஞ்சு. இருபத்தேழு அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தேன். வஸீலா என் வகுப்புல பாடம் நடத்திக்கிட்டிருந்தா.

ஆகஸ்ட்ல அதே பள்ளியில எனக்கும் இடம் கிடைச்சது. முக்காடு கிடையாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் அழுதேன், மூணாம் நாள் கையெழுத்துப் போட்டேன். அன்னையிலிருந்து காலையில காரை நிறுத்தி, உள்ளேயே துணியைக் கழட்டி, சீப்பால ரெண்டு இழுப்பு இழுத்துக்கிட்டு இறங்குவேன். முதல் வாரம் கழுத்துல காத்துப் பட்டாலே யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதே நேரத்துக்கு வஸீலா பஸ்ஸை விட்டு இறங்கி, போட்டது போட்டபடி நேரா உள்ளே போவா.

அதோட விட்டாங்களா? ழான் தலோன் தெரு ரொட்டிக் கடைக்காரர் அவளுக்கு மட்டும் எங்க ஊர் இனிப்பு ஒண்ணு, பேரீச்சம்பழ மக்ரூத், கூடப் போடுவார், "எங்க பெண் சிங்கம்"னு. பள்ளிவாசல்ல பெண்கள் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுவாங்க, தலை வணங்காத தங்கைன்னு. நான் பின் வரிசையில உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டிருப்பேன். பெரிய தைரியம். அவகிட்ட இருந்தது ஒரு தேதி. அதுவும் நான் தூக்கிக் குடுத்த தேதி. ஒரு தடவை கூட்டம் முடிஞ்சு வர்ற வழியில வாய்விட்டுக் கேட்டுட்டேன்.

"என்னடி சிங்கம், இன்னைக்கு கர்ஜனை பலமா இருந்துச்சே?"

"கிண்டல் பண்ணாத நவால். நானா கேட்டேன்? கூப்பிட்டுப் போகலேன்னா அதுக்கும் பேசுவாங்க."

"எனக்கு அந்தக் கஷ்டமே இல்லம்மா. என்னைத்தான் யாரும் கூப்பிடறதே இல்லியே."

அவ பையிலிருந்து மக்ரூத்தை எடுத்துப் பாதி பிச்சு என் கையில வெச்சா. அதுக்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில தலைமையாசிரியை ஜோசே என்னைக் கூப்பிட்டாங்க. துணைத் தலைமையாசிரியை வேற ஊருக்குப் போறாங்க, நம்ம பள்ளியிலயே யார் சரியா வருவாங்கன்னு கேட்டாங்க. "வஸீலா"ன்னேன், யோசிக்கவே இல்ல. பொய் சொல்லல. மூணு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையாப் போய் நிர்வாகப் படிப்பு முடிச்சவ அவதான். ஆனா நான் சொன்னது அதுக்காக இல்ல. புது வேலைன்னா பழைய சலுகை போயிடும். கழட்டினாள்னா அவளும் நானும் ஒண்ணு. அந்த வேலை வேண்டாம்னு விட்டாள்னா, கைக்கு வந்தது போறது எப்படி இருக்கும்னு அவளுக்கும் தெரியட்டும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வயிறு குளிரும்னு கணக்குப் போட்டேன்.

ரெண்டு வாரம் அவ மூச்சு விடல. நானும் கேக்கல. சாப்பாட்டு மேஜையில எதிர்ல உக்காந்து எதையோ மென்னுக்கிட்டிருப்பா, பாதியில டப்பாவை மூடிடுவா.

ஒரு திங்கக்கிழமை காலையில, நான் முக்காட்டைக் கழட்டி முடிச்ச நேரம், என் கார்க் கதவைத் தட்டினா. திறந்தேன். பக்கத்து சீட்டுல வந்து உக்காந்தா.

"ஒத்துக்கிட்டேன்"னா.

"எதை?"ன்னேன், ஒண்ணும் தெரியாதவ மாதிரி.

"அந்த வேலையைத்தான். இன்னையிலிருந்து. வீட்டுக்காரர் வேண்டாம்னார், அம்மா போன்லயே அழுதாங்க. எனக்கு அந்த வேலை வேணும் நவால். சிரிச்ச முகத்தோட விட்டுக் குடுக்க என்னால முடியல." தன் முக்காட்டைத் தொட்டுப் பார்த்தா. "நீ தினமும் எப்படிச் செய்வே? முதல்ல எந்த ஊசியை எடுப்பே?"

நான் ஆசைப்பட்டது இதைத்தானே. சந்தோஷம் வரும்னு பார்த்தேன். அவ கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"வேண்டாம்டி"ன்னேன். "நீ ஒருத்தியாவது போட்டுக்கிட்டு உள்ளே போயிட்டிருந்தே. நீயும் கழட்டிட்டா நான் இனிமே யாரைப் பார்த்து வயிறெரியறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துட்டுது. எனக்கு வரல.

"உன் பேரைச் சொன்னது நான்தான் வஸீலா."

"ஜோசே சொன்னாங்க."

"நல்ல மனசோட சொல்லல."

"அதுவும் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? காதுகிட்ட இருக்கிறதா, மோவாய்க்குக் கீழே இருக்கிறதா, சொல்லித் தொலை. நேரமாகுது."

"மோவாய்க்குக் கீழே இருக்கிறது."

எடுத்தா. துணியை நாலா மடிச்சுப் பையில வெச்சா. வீட்டுல எத்தனையோ தடவை பார்த்த முடிதான், ஆனா வெயில்ல பார்த்ததில்ல. முன் நெத்தியில நரை. என் சீப்பைக் குடுத்தேன். ரெண்டு பேரும் இறங்கி நடந்தோம்.

கேட் பக்கத்துல அவ வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தா. எனக்குப் பக்கத்துல நின்னவளை ஏறெடுத்தும் பார்க்கல. "மேடம் நவால், மேடம் வஸீலா இன்னைக்கு வரலையா?"ன்னு என்னைக் கேட்டா.

வஸீலா அவ முன்னாடி குனிஞ்சா. "இங்கதான் இருக்கேன். போய் வரிசையில நில்லு."

குழந்தை குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டா. அப்புறமும் நகராம அவ தலையையே பார்த்துக்கிட்டு நின்னா.

சொல்ல வெக்கமா இருக்கு, அப்பவும் எனக்குப் பொறாமையாத்தான் இருந்தது. அவ முக்காட்டைத் தேட அங்க ஒரு குழந்தையாவது இருந்தது. என்னோடதை அந்தப் பள்ளியில எந்தக் குழந்தையும் பார்த்ததே இல்ல. நான் கழட்டிட்டு வர்றதும் அதுங்களுக்குத் தெரியாது.