செவ்வாய்க்கிழமைப் பட்டினியும் தாமரைக் கஷாயமும்

செவ்வாய்க்கிழமை தோறும் நான் சிலரைப் பட்டினி போடுகிறேன். சம்பளமே அதற்குத்தான். ஸ்வீடனில், உப்சாலாவில், ஓர் ஆய்வகத்துத் தட்டுகளில் வளரும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி வைப்பதும், சொன்ன நாளில் நிறுத்துவதும் என் உத்தியோகம். விஞ்ஞானிகள் வேறே இருக்கிறார்கள்; நான் சமையற்காரன். கேபிள் பணம் வாங்க வந்தவரைக்கூட "சாப்ட்டீயளா?" என்று கேட்காமல் அனுப்பாத ஊரில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும் வேலைதான். பக்கத்து மேசை இங்க்ரிட் மதியம் தன் டப்பாவைத் திறந்து, என்னை ஏறிட்டும் பாராமல் தின்று முடிப்பாள். வந்த புதிதில் என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: பசித்தால் நானே சாப்பிட்டுக்கொள்வேன் என்ற மரியாதை அது.

பட்டினி போட்டதும் செல் செத்துவிடாது. கையில் காசில்லாத வீடு பரணில் கிடக்கும் பித்தளையை எடைக்குப் போட்டு நாளை ஓட்டுவதுபோல, தனக்குள் கிடக்கும் ஓட்டை உடைசலைத் தானே தின்று பிழைத்துக்கொள்ளும். ஆட்டோஃபேஜி என்பார்கள். கீமோ மருந்தின் அடி விழும்போதும் புற்றுநோய்ச் செல் பல நேரம் இதே சாமர்த்தியத்தைக் காட்டும். தன்னையே சமைத்துத் தின்னும் அந்தச் சமையலறையைப் பூட்டிவிட்டால் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்யுமா என்று பார்க்கச் சில தாவரப் பொருள்களைச் சோதிக்கிறோம். அவற்றில் ஒன்று, தாமரை விதைக்குள் இருக்கும் கசப்பான பச்சை முளையிலிருந்து பிரித்தெடுத்தது.

"வேலையில என்னதான்வே செய்யுதீரு?" என்று அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், கேட்டதால் இதைச் சொன்னேன். ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். திருநெல்வேலிக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன சேதி முக்கூடல் வரைக்கும் போயிற்று. அங்கே இருக்கும் அத்தானின் பெரியப்பா மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிவிட்டார். பூ, தண்டு, இலை, கிழங்கு, விதை என்று குளத்தையே காய்ச்சி, ஒரு தூக்குவாளி நிறையப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். நோயாளியைப் பார்க்க எங்கள் பக்கம் வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்ததை அவர்கள் கண்முன்னே சாப்பிடாவிட்டால் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவும் மாட்டார்கள். மறுநாள் காலை அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை. கண்ட கஷாயமும் ஈரலைக் கெடுத்து, அது பரிசோதனையில் தெரிந்தால் கீமோ தள்ளிப்போகும்.

ஆய்வகத்திலிருந்தே போன் போட்டேன். "அத்தான், அத அக்காவுக்குக் குடுத்துராதீங்க."

"நீருதானவே சொன்னீரு, தாமர கேன்சரோட சமையக்கட்டப் பூட்டும்னு?"

"தட்டுல இருக்க செல்லுக்குச் சொன்னேன். தட்டுக்கு ஈரல் கிடையாது. அக்காவுக்கு இருக்கு. அதுவும் விதைக்குள்ள இருந்து ஒரே ஒரு பொருளப் பிரிச்சு எடுக்கது."

"முழுசாப் போட்டா அந்தப் பொருளும் உள்ள இருக்கும்லா?"

"மாப்ள, கிழங்கும் போட்ருக்கேன், கவலப்படாதிய!" என்று பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். நான் விளக்க விளக்க அங்கே நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று.

ஃபீக்கா எனப்படும் காப்பி நேரத்தில் இங்க்ரிட் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அக்காவுக்காகச் சொந்தக்காரர் ஒருவர் குளத்தில் இறங்கித் தாமரை பறித்துவந்திருக்கிறார் என்றேன். "எவ்வளவு அழகு! நாங்கள் டியூலிப்தான் கொண்டுபோவோம். கட்டில் பக்கத்தில் வைப்பார்களா?" இல்லை, குடிக்கச் சொல்கிறார்கள் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம் என்று அவள் சொல்லிவிடலாமே" என்றாள். ஏன் அப்படிச் சொல்ல முடியாது என்று விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் காப்பியும் ஆறிப்போயிற்று.

மறுநாள் நான் தட்டுகளோடு நிற்கும்போது அக்காவே கூப்பிட்டாள்.

"ஏலே, நான் ஒரு சொட்டு குடிக்கல. டாக்டரம்மாட்டப் போன்ல கேட்டேன், இப்பம் இதெல்லாம் தொடவே கூடாதுன்னுட்டாவ."

"அண்ணாச்சிக்கு என்னக்கா சொன்ன?"

"எனக்குக் கொமட்டுது, ஒங்க தம்பி குடிக்கட்டும், கட்டுன மனுசன் குடிச்சா எனக்குச் சேராதான்னு கேட்டேன். அண்ணாச்சிக்குக் கண்ணே கலங்கிட்டு. பக்கத்துல நின்னு ஊத்தி ஊத்திக் குடுத்தாரு. ஒங்க அத்தான் வெடியக்காலம் இருந்து கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடக்காரு."

"ரத்தம்?"

"நல்லாருக்காம்லே. கீமோ ஏத்திட்டு இப்பம்தான் வாரேன். இனி அவரு ஈரலத்தான் பாக்கணும்."

அவள் சிரித்ததில் நானும் சிரித்தேன். பட்டினி முடிந்த செல்களுக்குத் தீனி வைத்து, இன்குபேட்டர் கதவைத் திறந்தேன். எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டி அது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து முகத்தில் வந்து அடித்தது, திருநெல்வேலி டவுண் ரதவீதியில் மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அடிக்கும் அதே சூடு. தட்டுகளை வைத்த பிறகும் கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

"கதவு!" என்றாள் இங்க்ரிட். "செல்களுக்குக் குளிரும்."

"ஒரு நிமிஷம்" என்றேன், முழங்கைவரை திருநெல்வேலியிலும் மீதி ஆள் உப்சாலாவிலுமாக நின்றுகொண்டு.