கல்பாக்கத்தில் கற்ற கம்பளிப் பின்னல்

1977 ஆகஸ்ட், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் கல்பாக்கம் வண்டியில் ஏறினேன். கட்டணம் ஒரு ரூபாய் இருபது பைசா. தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பையில் இரண்டு பின்னல் ஊசிகளும் நீல நிறக் கம்பளி நூலுருண்டை ஒன்றும் இருந்தன. அவற்றை எந்தக் கையில் எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது.

நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அங்கேயே சம்பளம் வாங்கும் ஆளும் நான்தான். வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியை அழைத்து, கைவேலை வகுப்பு காலியாக இருக்கிறது என்றார்.

"திங்கட்கிழமையிலேருந்து ஸ்வெட்டர் பின்னல் சொல்லித்தர முடிஞ்சா அடுத்த மாசமும் இருங்க. இல்லேன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

கற்றுக்கொண்டு வருகிறேன் என்றேன். செங்கல்பட்டு வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்கவில்லை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர், கல்பாக்கம் குடியிருப்பில் தமக்குத் தெரிந்த பொறியாளர் வீட்டு முகவரியைத் தந்தார். அவர் மனைவி வடக்கத்திப் பெண், நன்றாகப் பின்னுவாராம்.

திருக்கழுக்குன்றத்தில், மலைமேல் உச்சி வேளைக்கு வரும் கழுகுகளைப் பார்க்கும் கூட்டம் இறங்கியது. பாதி வண்டி காலி. நடத்துநர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊருக்குள்ளியா, குவார்ட்டர்ஸா?"

"குவார்ட்டர்ஸ்."

"இன்னா, அங்க வேல கெட்ச்சுதா?"

"எனக்கு வேலை இருக்கிறது" என்றேன். அவர் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாலை முழுக்க சைக்கிள்கள். கதவைத் திறந்த சுனிதாவுக்கு என் வயதுதான் இருக்கும்; சிம்லா பக்கத்து ஊர். வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன்.

"உள்ள வாம்மா" என்றாள் அவள். "நாஸ்தா துன்னியா?"

வேலைக்காரப் பெண்ணிடமும் மீன்காரிகளிடமும் கற்ற தமிழ். அந்தத் தமிழை என் வாயிலிருந்து அகற்ற நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் பாடுபட்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பாடம் தொடங்கியது. ஒரு ஊசியில் வளையங்கள் ஏற்றி, மற்ற ஊசியால் ஒவ்வொன்றுக்குள்ளும் நூலை இழுத்துப் புது வளையம் எடுக்க வேண்டும். கை உடனே ஓடியது. கால் மணி நேரத்தில் விரல் அகலத்துக்குப் பின்னிக் காட்டினேன். சுனிதா ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

"இன்னாம்மா இது? ஸ்வெட்டரா, கயிறா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வளையத்தின் கழுத்திலும் ஒரு முடிச்சு. நான் போட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"எங்க கத்துகினே இத்த?"

செங்கல்பட்டு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். "எங்கள் வீட்டில் வலை பின்னுவார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, குப்பம்."

"அதான் இம்மாம் வேகம்! ஆனா முடிச்சு வோணாம். நூல இஸ்தா அவுந்து வரணும், இது நெட்டிங் இல்ல, நிட்டிங்கு."

வலையில் ஒரு கண் அறுந்தாலும் பக்கத்துக் கண் நிற்க வேண்டும், அதற்காகவே முடிச்சு. ஆறு வயதிலிருந்து என் இடக்கைப் பெருவிரல் அதைச் செய்து பழகியது. மத்தியானம் வரை நான் பின்னியதெல்லாம் கத்தரிக்கோலுக்குப் போயிற்று. மூன்று மணிக்கு அவள் பழைய புடவைக் கிழிசலை எடுத்து, அந்தப் பெருவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினாள்.

"இப்போ போடு பாக்கலாம் முடிச்சு!"

போட முடியவில்லை. முதல் நல்ல வரிசை அப்போதுதான் வந்தது. கட்டை அவிழ்த்ததும் முடிச்சும் திரும்பி வந்தது. கட்டிய விரலோடு வகுப்பில் நிற்க முடியாது.

விரலை மறுபடி கட்டிக்கொண்டு மாலை வண்டியில் கிளம்பி எங்கள் குப்பத்தில் இறங்கினேன். அம்மா மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி வெரல்ல? வெட்டிகினியா?"

கட்டோடு பின்னிய துண்டைக் காட்டி, நூலை இழுத்தேன். அது ஓடி அவிழ்ந்தது.

"இஸ்தா அவுந்துடுமா? அப்போ அத்த எதுக்குடி பின்னணும்? மீனு சிரிக்கும்."

அன்றிரவு நான் அதிகம் பின்னவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி, மாமல்லபுரம். சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரர் இருவர் பாறைச் சிற்பத்து யானைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. விரல் கட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னத் தொடங்கினேன். வெறுங்கையால் வராவிட்டால் திங்களன்று வேலை இல்லை. பெருவிரல் எழும்பும்போதெல்லாம் அதைக் கீழே அழுத்தினேன். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே பின்னினேன். முடிச்சு விழுந்ததா, விழவில்லையா என்று தெரியவில்லை.

பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு மீன்காரி. "கொயந்திக்கா கண்ணு?" என்றாள்.

"இல்லை, பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்குக் குளுருதா?"

முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். திருக்கழுக்குன்றத்துக்கு முன் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக் போட்டார். பின்னிய துண்டு ஊசியிலிருந்து நழுவி அவள் மடியில் விழுந்தது. உதவி செய்வதாக நினைத்து அவள் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரு வரிசை அவிழ்ந்தது. அடுத்ததும்.

"ஐயய்யோ, அவுந்துகினே வருதே! நா ஒண்ணியும் பண்ல கண்ணு!"

அவள் கை நின்றுவிட்டது. நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் இதுவரை எங்கும் தடுக்கவில்லை.

"இஸ்துடு அக்கா" என்றேன். "நிறுத்தாத. பூரா இஸ்துடு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இழுத்தாள். கடைசி வரிசைவரை நூல் தடையில்லாமல் வந்தது. கூடை நிறையச் சுருள் சுருளாக நீலக் கம்பளி.

"அவ்ளோதான், போச்சு" என்றாள் வருத்தத்தோடு.

மறுநாள் கைவேலை வகுப்பில் பெண்களுக்கு முதலில் அதைத்தான் செய்து காட்டினேன். நான்கு வரிசை பின்னினேன். ஊசியை உருவினேன். நூல் முனையை முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்து, இழு என்றேன்.