இரண்டு விசில்

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்குக் கோல்ஃப் என்பது சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும் நாற்பது நொடிதான். நகராட்சி மைதானத்தின் வேலி அந்தச் சிக்னலை ஒட்டியே இருந்தது. உள்ளே யாராவது மட்டையை ஓங்குவார்கள். பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்குள் பச்சை விழுந்துவிடும்.

ஓய்வு பெற்ற மறு வாரமே அவர் அந்த மைதானத்தில் சேர்ந்தார்.

"இந்த வயசுல மட்டையும் கையுமா திரியணுமா?" என்றாள் மனைவி.

"இத்தனை வருஷமா ஊரையே ஏத்தி இறக்கினேன். சனிக்கிழமை காலைல மட்டும் என்னை விட்டுடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

துணைக்கு வந்தவர் அதே பேருந்தில் கண்டக்டராக இருந்து, அவரோடு சேர்ந்தே ஓய்வு பெற்றவர். டிரைவர் காலை அகட்டி நின்று மட்டையை ஓங்கினார். ஓங்கிய மட்டை ஓங்கியபடியே நின்றது. பின்னால் காத்திருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

"அடிங்கண்ணே."

"கை வரமாட்டேங்குதுப்பா. என்னமோ குறையுது."

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த பழைய விசிலை எடுத்து, வண்டி கிளம்பலாம் என்பதற்கு ஊதுவதுபோல் இரண்டு தரம் ஊதினார். மட்டை தானாக இறங்கியது. பந்து பறந்துபோய் விழுந்து, குளத்தைப் பார்த்து ஜோராக உருண்டது. பதறிப்போன கண்டக்டர், நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் அடித்தார். டிரைவரின் வலது கால் பழக்கதோஷத்தில் புல்லை அழுத்தி மிதித்தது. பந்து மட்டும் நிற்காமல் தண்ணீருக்குள் போய்விட்டது.

"நிக்கலையேண்ணே."

"உன் விசிலுக்கு நின்னவன் நான் ஒருத்தன்தான்யா."